‘சீனி’ என்றால் கீழே: கிளிமஞ்சாரோ கேள்வி பதில்

பணி ஓய்வு பெற்ற கையோடு, 2023 செப்டம்பரில் தான்சானியா போய் கிளிமஞ்சாரோ ஏறியதைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தேனி மாவட்டத்து அரசு மருத்துவமனையில் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், 61 வயதில் ஆப்பிரிக்க மலை ஏறினாள் என்றதும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாராட்டுக் கடிதங்களை எல்லாம் மருமகனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியாயிற்று. கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரு கடிதம் மட்டும் நல்ல காரம். அதையும் ஒளிக்கவில்லை, உள்ளே இருக்கிறது.

“வயது 29. தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். கார்ல் எக்லோஃப் என்பவர் 2014-ல் 6 மணி 42 நிமிடத்தில் கிளிமஞ்சாரோவில் ஏறி இறங்கியே விட்டார் என்று படித்தேன். எனக்கு ஐந்து நாள் போதாதா? ஏழு நாள் என்றால் லீவும் போகிறது, பணமும் போகிறது.”
– திண்டுக்கல் வாசகர்

தம்பி, அந்த எக்லோஃப் பிறந்தது ஈக்வடாரின் கீட்டோவில். அந்த ஊரே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் திண்டுக்கல் 300 மீட்டர்கூட இல்லை. அவர் நுரையீரலையும் உங்கள் நுரையீரலையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

சமவெளியில் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். 5,895 மீட்டர் உச்சியிலும் அதே 21 தான். ஆனால் காற்றழுத்தம் பாதியாகிவிடுவதால் ஒரு மூச்சுக்கு உள்ளே வருவதும் பாதி. உடம்பு என்ன செய்யும்? வேகவேகமாக மூச்சு விடும். அப்படி விட்டால் கரியமில வாயு கூடுதலாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மைக்குப் போகும். அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ள வேண்டும். இந்த வேலைக்கு நாள் கணக்கு ஆகும். உங்கள் தொடைத் தசை எவ்வளவு வலுவானது என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது, அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

நாங்கள் ஆறு பேர் போனோம். அதில் ஒரு பையன் மாரத்தான் ஓடுகிறவன். முதல் நாள் மச்சாமே முகாமுக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்து, வாசலில் நின்று எங்களைப் படம் பிடித்தான். மூன்றாம் நாள் லாவா டவர் பாறையடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், நான்காம் நாள் காலை ஒரு உதவி வழிகாட்டியோடு இறங்கிப் போனான். அழுதுகொண்டே போனான், பாவம்.

வழிகாட்டிகள் வாயில் நாள் முழுக்க ஒரே மந்திரம்: “போலே போலே”. சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். முன்னால் போகிறவர் நடக்கும் வேகம் நம் கோயில் பிரகாரத்தில் அடிப்பிரதட்சணம் செய்வது மாதிரி இருக்கும். முதல் நாள் சிரிப்பு வரும். மூன்றாம் நாள் அதுவும் வேகமாகத் தெரியும்.

நாங்கள் போன மச்சாமே பாதையின் கணக்கைச் சொல்கிறேன், ஏழு நாள் ஏன் என்று புரியும். முதல் இரவு 3,000 மீட்டரை ஒட்டி. (ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637. நம் ஊரின் உச்சியைவிட மேலே முதல் நாளே படுத்தாயிற்று.) இரண்டாம் இரவு ஷிரா மேட்டுநிலத்தில், 3,800-ஐ ஒட்டி. மூன்றாம் நாள் லாவா டவர், 4,600-க்கு ஏறி, மதியம் சாப்பிட்டுவிட்டு, திரும்ப 3,900 சொச்சத்தில் இருக்கும் பரான்கோவுக்கு இறங்கிப் படுக்க வேண்டும். “ஏறினதை எதுக்கு இறங்கணும்?” என்று எல்லோரும் முனகும் நாள் அதுதான். மொத்தப் பயணத்திலும் அதைவிட உருப்படியான நாள் கிடையாது. உடம்புக்கு மேலே போய் ஒரு பாடம், கீழே வந்து ஒரு தூக்கம். நான்காம் இரவு கராங்கா, சுமார் 4,000. ஐந்தாம் நாள் பராஃபு, 4,600-க்கு மேலே. அங்கிருந்து நள்ளிரவில் உச்சிக்கு. ஐந்து நாள் பயணத்தில் இந்தப் பாடம் படிக்கிற நாள்களைத்தான் வெட்டிவிடுகிறார்கள். லீவு மிச்சமாகும், உச்சி மிச்சமாகாது.

“வயது 52. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரையும் உண்டு. டயமாக்ஸ் போட்டுக்கொண்டால் தலைவலி வராது என்கிறார்களே, வாங்கிக்கொள்ளலாமா?”
– கரூர் வாசகி

உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள். மெடிக்கல் ஷாப் தம்பி கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கனவே பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைக் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முந்திய பதிலில் சிறுநீரகம் பைகார்பனேட்டைத் தள்ளுவதாகச் சொன்னேன் அல்லவா? டயமாக்ஸ் என்கிற அசிட்டசோலமைடு அந்த வேலையை முடுக்கிவிடுகிறது. தடுப்புக்கு வழக்கமாகச் சொல்கிற அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. எனக்கும் அதுதான் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளில் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. பயப்பட வேண்டாம், மருந்தின் குணம் அது. சோடா குடித்தால் சுரத்தே இல்லாமல் இருக்கும். இரவில் மூன்று தடவை எழுந்து போக வேண்டும். வெளியே தண்ணீர் பாட்டில் உறைகிற குளிர்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க: இன்சுலின் உறைந்தால் பிறகு அது இன்சுலின் இல்லை, தூக்கி எறிய வேண்டியதுதான். பகலில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள். குளுக்கோமீட்டரும் குளிரில் தப்பாகக் காட்டும். அதையும் கூடவே படுக்க வையுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். மாத்திரை, உயரத்தால் வருகிற நோயை வரவிடாமல் செய்யப் பார்க்கும். வந்துவிட்டால் மருந்து ஒன்றே ஒன்று, இறங்குவது.

“சுத்த சைவம். சோறு கிடைக்குமா?”
– கும்பகோணம் வாசகர்

கிடைக்கும். நம் ஊர்ச் சோறாக இருக்காது, அவ்வளவுதான். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த நாள் வரை காத்திருக்கலாம். அதனால் சமையல்காரர் சூப், உருளைக்கிழங்கு, பாஸ்தா, காய்க்குழம்பு, காலையில் கூழ் மாதிரி ஒன்று என்று சமாளிப்பார். சாயங்காலம் முகாமுக்குள் நுழைந்ததும் பாப்கார்னும் இஞ்சி டீயும். சப்பாத்திக்கு சுவாஹிலியிலும் சப்பாத்திதான், டீ ‘சாய்’, ஊறுகாய் ‘அச்சாரி’. இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் போனவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த சொற்கள். நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைக் காட்டினேன். சமையல்காரர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். மறுநாளிலிருந்து பாட்டில் அவருடைய கூடாரத்தில் இருந்தது.

மேலே போகப் போகப் பசியே எடுக்காது. எடுக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். இட்லிப் பொடி எடுத்துப் போங்கள், எதில் தூவினாலும் இறங்கும்.

“பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற மலையில் எப்படிப் பனி இருக்கும்? அது உருகிவிடும் என்று எங்கள் மிஸ் சொன்னார்கள்.”
– பெரியகுளம், 8-ஆம் வகுப்பு மாணவி

கண்ணு, நீ கேட்ட இதே கேள்வியை லண்டனில் பெரிய பெரிய புவியியல் அறிஞர்கள் கேட்டார்கள். யோகான்னஸ் ரெப்மான் என்கிற ஜெர்மானியப் பாதிரியார் 1848-ல் இந்த மலையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, உச்சியில் வெள்ளையாகப் பனி இருக்கிறது என்று எழுதினார். பூமத்திய ரேகைக்கு 350 கிலோமீட்டருக்குள் பனியா, கண் கோளாறு என்று சிரித்தார்கள். சாகா இன மக்கள் தலைமுறை தலைமுறையாக அதன் அடிவாரத்தில் வாழை போட்டுக்கொண்டு, மலை ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பாய்ச்சிக்கொண்டு இருந்தவர்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள்.

காரணம் உயரம்தான். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமாராக 6 டிகிரி குறையும். அடிவாரத்து மோஷி ஊரில் நான் பருத்திச் சேலையில் வியர்த்தேன். ஐந்து நாள் கழித்து நான்கு சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டு நடுங்கினேன். மழைக்காடு, புதர்க்காடு, மொட்டைப் பாலை, பனி என்று ஒரே மலையில் வரிசையாகப் பார்க்கலாம். பரான்கோவில் ராட்சத செனீசியோ என்று ஒரு செடி, ஆளைவிட உயரம், தலையில் பச்சைக் கொண்டை. காய்ந்த பழைய இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளும். குளிருக்கு அதுதான் அதன் சால்வை.

உங்கள் மிஸ் சொன்னது உண்மை. 1912-ல் இருந்த பனிப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. நான் பார்த்தது மிச்சம் மீதி. விளிம்பு செங்குத்துச் சுவர் மாதிரி, நீல வெள்ளையாக, வெட்டி வைத்த கற்கண்டுப் பாறை போல இருந்தது.

“கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அங்கே பெண்களுக்குக் கழிப்பறை? அந்த மூன்று நாள் வந்துவிட்டால்?”
– கோவை, கல்லூரி மாணவி

கூச்சப்படாதே. நான் 31 வருஷம் பெட்பேன் எடுத்தவள்.

முகாம்களில் பொதுக் கழிப்பறை உண்டு, பலகையில் ஓட்டை போட்டது. இரவில் டார்ச்சோடு போனால் ஓட்டையைப் பார்த்து நட, உள்ளே பார்க்காதே. கொஞ்சம் கூடப் பணம் கட்டினால் குழுவுக்கென்று ஒரு சின்னக் கூடாரத்தில் கெமிக்கல் டாய்லெட் வரும். கட்டு, யோசிக்காதே. ஆனால் அதை ஒரு மனிதர் தலையில் சுமந்து வருகிறார், தினமும் கழுவுகிறார். அவர் முகத்தைப் பார்த்து “அசான்டே” என்று நன்றி சொல். எங்கள் குழுவில் அவரை யாரும் பேர் கேட்கவில்லை, நான் உட்பட. நான்காம் நாள்தான் உறைத்தது.

உயரத்தில் மாதவிடாய் முன்னே பின்னே வரும். தேதி இல்லை என்று நம்பிப் பொருள் எடுக்காமல் போகாதே. பயன்படுத்தியதை மலையில் விடக் கூடாது, தனிப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரவுக்கு அகல வாய் டப்பா ஒன்று கூடாரத்துக்குள் வைத்துக்கொள். மூடியில் பெரிதாக அடையாளம் போடு. ஏன் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் பாட்டிலும் அதே நிறம் என்று மட்டும் சொல்கிறேன்.

சுமை தூக்குகிற போர்ட்டர்களிலும் வழிகாட்டிகளிலும் பெண்கள் இப்போது வருகிறார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுப் பார்.

“மலை எல்லோருக்கும் பொது. வழிகாட்டி, கூலியாட்கள், சமையல்காரர் என்று ஊர்வலம் போவது பணக்காரத் திமிர் இல்லையா? நாமே பையைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன? அதோடு, ஒரு நிறுவனம் 1,100 டாலருக்கு ஏழு நாள் கூட்டிப்போவதாகச் சொல்கிறது. போகலாமா?”
– மதுரை வாசகர்

முதல் பாதிக்குப் பதில் எளிது: உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற தேசியப் பூங்கா விடாது. நுழைவாயிலிலேயே பதிவேட்டில் பாஸ்போர்ட் எண் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முகாமிலும் திரும்பக் கையெழுத்து.

இரண்டாம் பாதிக்கு ஒரு கணக்குப் போடுவோம், ஐயா. நான் போன 2023-ல் பூங்காவின் கட்டணம் நாளுக்கு 70 டாலர், முகாமில் தங்க இரவுக்கு 50, மீட்புக் கட்டணம் 20, இதற்கெல்லாம் மேல் 18 சதவீதம் வரி. ஏழு நாள், ஆறு இரவுக்குக் கூட்டினால் 950 டாலருக்கு மேல் அரசாங்கத்துக்கே போய்விடுகிறது. உங்கள் 1,100-ல் மிஞ்சுவது 150. அதில் ஏழு நாள் சாப்பாடு, கூடாரம், வண்டி, வழிகாட்டி சம்பளம், முதலாளி லாபம். போர்ட்டருக்கு என்ன மிஞ்சும்? நீங்களே சொல்லுங்கள். திமிர் என்று நீங்கள் சொன்ன வார்த்தை அந்த விலைக்குத்தான் பொருந்தும்.

எங்கள் ஆறு பேருக்கு வந்தவர்கள் 23 பேர். மலைத்துப் போனேன். பிறகு பார்த்தால் கூடாரம், கேஸ் சிலிண்டர், மேசை, நாற்காலி, ஏழு நாள் காய்கறி, தண்ணீர் எல்லாம் மனிதத் தலையில்தான் ஏறுகிறது. கழுதை, குதிரை கிடையாது. ஒருவருக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று விதி. வாயிலில் தொங்கும் தராசில் ஒவ்வொரு மூட்டையாக நிறுத்தார்கள். என் பை முறைக்கு வந்தபோது எடை பார்த்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முறுக்கு, தட்டை, அதிரசம் மட்டுமே நான்கு கிலோ. மகள் கட்டிக் கொடுத்தது. அங்கேயே பிரித்து வாயிலில் நின்ற எல்லோருக்கும் கொடுத்தேன். அதிரசத்துக்கு நல்ல வரவேற்பு.

நாங்கள் முக்கி முனகி ஏறுகிற பாதையில் தலையில் மூட்டையோடு, கையில் முட்டை அட்டையோடு, அவர்கள் “ஜம்போ மாமா” என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போவார்கள். ‘மாமா’ என்றால் சுவாஹிலியில் அம்மா. முதல் முறை கேட்டபோது ஒரு கணம் துணுக்குற்றது.

கிளிமஞ்சாரோ போர்ட்டர் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு மோஷியில் இருக்கிறது. எந்தெந்த நிறுவனம் கூலியை ஒழுங்காகக் கொடுக்கிறது, மூன்று வேளை சோறு போடுகிறது, படுக்க நல்ல கூடாரம் தருகிறது என்று கண்காணித்து, தேறியவர்களைப் பங்காளி நிறுவனமாகப் பட்டியல் இடுகிறார்கள். பணம் கட்டுமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். மற்றபடி எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்க வேண்டாம். கேட்டு ஏழு கடிதம் வந்திருக்கிறது. சொல்ல மாட்டேன்.

“கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். நீங்கள் ஸ்டெல்லா பாயின்ட் வரைதான் போயிருக்கிறீர்கள். அது 5,739 மீட்டர். உஹுரு சிகரம் 5,895. ஆக, நீங்கள் கிளிமஞ்சாரோவை ஏறவே இல்லை. ஏறாதவர் ஏறுவது எப்படி என்று பாடம் எடுப்பது வேடிக்கையாக இருக்கிறது.”
– சென்னை வாசகர்

காரக் கடிதம் இதுதான். கணக்கு சரி. 156 மீட்டர் குறைவு. உச்சியில் இருக்கிற எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலேயே இன்னும் ஒரு மணி நேரம் நடந்திருந்தால், உஹுருவில் பெயர் எழுதி வைத்த மரப்பலகை முன்னால் நின்று நானும் படம் எடுத்திருப்பேன். ஸ்டெல்லா வரை போனவர்களுக்கும் பூங்கா ஒரு சான்றிதழ் தருகிறது. அது எங்கள் வீட்டு ஹாலில், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன இதழில் இடம் போதாமல் ஏன் திரும்பினேன் என்று சொல்லாமல் விட்டேன். இடம் போதவில்லை என்பதும் முழு உண்மை இல்லை.

பராஃபு முகாம். சுவாஹிலியில் பராஃபு என்றால் பனிக்கட்டி. அன்று மாலை வழக்கம்போலத் தலைமை வழிகாட்டி ஒரு நோட்டோடு வந்தார். தினமும் காலையும் மாலையும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) எவ்வளவு, நாடி எவ்வளவு என்று குறிப்பார். என் சாச்சுரேஷன் 74. வார்டில் இந்த எண்ணைப் பார்த்தால் டியூட்டி டாக்டரைத் தேடி ஓடியிருப்பேன். அங்கே அது பலருக்கும் வருகிற எண். பிறகு கேள்விகள். தூக்கம் எப்படி? வாந்தி உண்டா? தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?

“இரண்டு” என்றேன்.

உண்மையில் ஆறு. அரை மணி நேரம் முன்னால் கூடாரத்துக்குப் பின்னால் பாறை மறைவில் வாந்தி எடுத்து, அதன் மேல் கல்லை எடுத்து அடுக்கி மூடிவிட்டு வந்திருந்தேன். பூனை மாதிரி. 31 வருஷம் ஒவ்வொரு நோயாளியிடமும் “மறைக்காமச் சொல்லுங்க, சொன்னாத்தான் வைத்தியம் பார்க்க முடியும்” என்று அதட்டியவள் நான். சர்க்கரை நோயாளி தலையணைக்கு அடியில் ஒளித்த லட்டைக் கண்டுபிடித்துத் திட்டியவள். எனக்கு முறை வந்ததும் வாய் தானாகப் பொய் சொன்னது. கிராஜுவிட்டிப் பணம் போட்டு வந்திருக்கிறோம், ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அவ்வளவுதான் காரணம்.

நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பினோம். நைட் டியூட்டி எனக்குப் புதிது இல்லை என்று ஜம்பமாகச் சொன்னேன். தலையில் டார்ச், முன்னால் போகிறவரின் குதிகால், அதற்கு மேல் எதுவும் தெரியாது. மேலே பார்த்தால் வரிசையாக விளக்குகள், சபரிமலைப் பாதை மாதிரி. எது விளக்கு, எது நட்சத்திரம் என்று பிரியவில்லை. சரளையில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்கும். முதுகுப் பையிலிருந்து தண்ணீர் உறிஞ்சிக் குடிக்கிற குழாய் உறைந்துவிட்டது. மூன்று மணிக்குமேல் எனக்கு நினைவு கோவையாக இல்லை. போர்ட்டர்கள் பாடினார்கள் என்று நினைக்கிறேன். இல்லை, அது எங்கள் வார்டில் குழந்தை அழுகிற சத்தமாகவும் கேட்டது.

விடிகிற நேரம் ஸ்டெல்லாவில் இருந்தோம். கிழக்கே, எங்களுக்குக் கீழே, மாவென்சி சிகரம் கரேலென்று பல் பல்லாக நின்றது. அதன் பின்னாலிருந்து சிவப்பு வந்தது. அங்கேதான் வழிகாட்டி என் முகத்துக்கு டார்ச் அடித்துப் பார்த்து, ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் திரும்பக் கேட்டார். நான் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் இருந்த நம் ஊர்ப் பெண் சொன்னாள்: “அக்கா, அவர்கிட்ட ஏன் தமிழ்ல பேசுறீங்க?”

அவர் என்னைக் குதிகால்–விரல் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ஒரு கால் நுனியில் அடுத்த கால் குதிகாலை வைத்து, கயிற்றில் நடக்கிற மாதிரி. மூளையில் நீர் கோத்துக்கொள்கிறதா என்று பார்க்கிற சோதனை. அந்தச் சோதனை எதற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது அடியில் சாய்ந்தேன். திரும்ப முயன்றேன், இரண்டாவது அடியில் சாய்ந்தேன்.

அவர் என் பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு, “ட்வெண்டே சீனி” என்றார்.

எனக்குச் சுவாஹிலி தெரியாது. காதில் விழுந்தது சீனி. எங்கள் ஊரில் சர்க்கரைக்குச் சீனி என்றுதான் பெயர். நர்ஸ் மூளை அந்த நிலையிலும் வேலை செய்தது: நம் தள்ளாட்டத்தைப் பார்த்து லோ சுகர் என்று நினைக்கிறார் போல. “இல்ல தம்பி, எனக்கு சுகர் கிடையாது, போன மாசம்தான் டெஸ்ட் எடுத்தேன்” என்று அவரிடம் வாதாடினேன். தமிழில்தான். அவர் ஒரு பக்கக் கையைப் பிடித்தார், உதவி வழிகாட்டி இன்னொரு பக்கம். சரளையில் சறுக்கிச் சறுக்கி இறங்கினோம். சுவாஹிலியில் ‘சீனி’ என்றால் கீழே. கீழே போகலாம் வாங்க என்றிருக்கிறார்.

பராஃபு வந்தபோது பேச்சு தெளிந்தது. அங்கே நிறுத்தாமல் இன்னும் 1,500 மீட்டர் இறக்கி, ம்வேகா முகாமில் படுக்க வைத்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஒற்றைச் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சர் ஒன்று உண்டு. வழியில் ஒருவரை அதில் வைத்து, ஆறு பேர் தாங்கிக் குதித்துக் குதித்து ஓடினார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. சாயங்காலம் நானே தலைமை வழிகாட்டியைக் கூப்பிட்டு, அந்த ‘இரண்டு’ பொய் என்று சொன்னேன். தெரியும் என்றார். கல் அடுக்கியதைச் சமையல்காரர் பார்த்து அவரிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வழிகாட்டி ராத்திரி முழுக்க என் பின்னாலேயே வந்தாராம்.

ஆக, சென்னை ஐயா, நான் உச்சி ஏறினவள் இல்லை. வழிகாட்டியிடம் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதில் மட்டும் எனக்கு முழு அனுபவம் உண்டு. அந்தத் தகுதியில்தான் பதில் எழுதுகிறேன்.

“பயிற்சிக்கு எந்த மலை ஏறலாம்?”
– திருவண்ணாமலை வாசகர்

உங்கள் ஊர்ப் பக்கமே பர்வதமலை இருக்கிறது, கோவைக்காரர்களுக்கு வெள்ளியங்கிரி, எங்களுக்குச் சதுரகிரி. எது ஏறினாலும் கால் பழகும், உயரம் பழகாது. அதற்கு நம் பக்கம் வழி இல்லை. ஏறுவதைவிட இறங்குவதற்குப் பழகுங்கள். உச்சி நாளில் ஒரே மூச்சில் 2,700 மீட்டர் இறக்கம், முட்டி கதறிவிடும். கைக்கு இரண்டு ஊன்றுகோல் வேண்டும். கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள். நான் வெட்டவில்லை. இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, தீபாவளிக்குள் விழுந்தன.

“தடுப்பூசி ஏதாவது போட வேண்டுமா?”
– நாகர்கோவில் வாசகர்

விமானம் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகத்தான் போகும். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். அந்தத் தடுப்பூசி அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கொஞ்சம் கூடுதல் ஆபத்து உண்டு. டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். நான் பேசிவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். கொசு மலை மேல் இல்லை, மோஷியில் உண்டு.

“போர்ட்டர்களுக்குப் பழைய துணிமணி கொடுக்கலாமா? தப்பாக நினைப்பார்களா?”
– ஈரோடு வாசகி

முதலில் கவரில் பணம். எவ்வளவு என்று நிறுவனத்திடம் முன்னாடியே கேட்டு, கடைசி நாள் எல்லோர் முன்னாலும் தொகையைச் சொல்லிக் கொடுங்கள். பிறகு துணி. கிழிந்த ஸ்வெட்டரைக் கழித்துக் கட்ட ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். நல்ல கையுறை, கம்பளிச் சாக்ஸ், ஹெட் டார்ச் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விட ஷூ. டாய்லெட் சுமந்தவர் காலில் இருந்தது வாய் பிளந்த ஷூ, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். என்னுடையதைக் கொடுக்கலாம் என்று பார்த்தால் ஐந்தாம் நம்பர், அவருக்குப் பாதிக் கால்தான் போனது. ஈரோட்டில் இருந்து போகிற ஆண்கள் யாராவது இருந்தால் எட்டு, ஒன்பது நம்பரில் ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துப் போகச் சொல்லுங்கள்.